ஏற்காட்டு ஓட்டு வீட்டில் ஒழுகலும் ஓரம் தூக்கிய மரத்தரையும்

கேள்வி இது: ஏற்காட்டில் பழைய சீமை ஓட்டு வீடு. கூடத்தில் தேக்குப் பலகைத் தரை. இரண்டு மழைக்காலமாகக் கூரை ஒழுகுகிறது. பலகைகளின் ஓரம் மேலே தூக்கி, நடுப்பகுதி குழிந்துவிட்டது. சுவரோரம் இரண்டு பலகை மிதித்தால் அமுங்குகின்றன. மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் சரியாகுமா? இல்லை, பெயர்த்தெடுத்து டைல்ஸ் ஒட்டிவிடலாமா?

இரண்டுமே வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் சொல்கிற வடிவத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. பலகையின் ஓரம் உயர்ந்து நடு பள்ளமாக இருந்தால், அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது என்று பொருள். அடி உப்புகிறது, மேல் உப்பவில்லை, அதனால் பலகை கிண்ணம்போல வளைகிறது. மேலேயிருந்து சொட்டிய தண்ணீர் மட்டும் காரணமாக இருந்தால் பெரும்பாலும் நேர்மாறாக நடு உப்பி நிற்கும். அதுவும் சொட்டிய இடத்தைச் சுற்றி மட்டும். கூடம் முழுக்க ஓரம் தூக்கியிருக்கிறது என்றால் முதல் குற்றவாளி கூரை அல்ல, தரைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் ஈரக்காற்று. சுவரோரத்தில் அமுங்கும் இரண்டு பலகை வேறு கணக்கு. அங்கே கூரைத் தண்ணீர் சுவர் வழியே இறங்கியிருக்கலாம், அல்லது சுவரே மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம்.

இந்த நிலையில் மெஷின் போட்டால் தூக்கி நிற்கும் ஓரத்தைத்தான் அது சீவும். பிறகு என்றைக்காவது அடி காய்ந்ததும் பலகை நேராகும். சீவிய ஓரம் தாழ்ந்து நடு முதுகு தூக்கும். அந்தத் தரையை மறுபடி சமன்படுத்தத் தேய்த்தால் ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் செருகும் இணைப்புக்கு மேலே இருக்கும் மரம் மெலிந்து உடையும். பழைய பங்களாக்களில் நல்ல தேக்கு வீணானது கரையானால் பாதி என்றால் அவசரத் தேய்ப்பால் பாதி.

முதலில் அளந்து பார்ப்போம். மரத்தின் ஈரத்தை மீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஆனால் குத்தூசி மீட்டர்கள் பெரும்பாலும் ஊசியிலை மரங்களுக்கு அளவிடப்பட்டவை. எண்ணெய்ப்பசை உள்ள தேக்கில் தவறாகக் காட்டும். நம்பகமான வழி தராசுதான். அமுங்கும் பலகை ஒன்றைக் கழற்றி, அழுகாத பகுதியில் மூன்று நான்கு தீப்பெட்டி சேர்ந்த அளவுக்கு ஒரு துண்டாக அறுத்து, உடனே பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி எடை பாருங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பிறகு ஓடிஜி அடுப்பில் 100 முதல் 105 டிகிரிக்குள் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முழுக்கக் காய 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். ஈர எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்து, காய்ந்த எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஈர அளவு. உதாரணமாக 63 கிராம் துண்டு 52 கிராமுக்கு வந்து நின்றால் 11 வகுத்தல் 52, அதாவது 21 சதவீதம். 20 சதவீதத்துக்குக் கீழே மரத்தை அழுகவைக்கும் பூஞ்சை வளராது. 20ஐத் தாண்டி மாதக்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வாசல் திறந்தாயிற்று. அந்தக் காய்ந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; கடைசியில் வேலை இருக்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் எளிய சோதனை உண்டு. சுவரில் சந்தேகப்படும் இடத்தைத் துணியால் துடைத்து, இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு காற்று புகாமல் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டுப் படிவது. மூடுபனி மாதங்களில் இரண்டாவது வகைதான் அதிகம். அதை ஒழுகல் என்று நினைத்துக் கூரையைப் பிரித்தவர்கள் உண்டு.

கூரைக்கு வருவோம். சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. ஓட்டின் கீழ் நுழையும் நீர், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் பட்டை மேல் விழுந்து, கைமரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடி, எங்கே ஆணியோ முடிச்சோ தடுக்கிறதோ அங்கே சொட்டும். ஆகவே சொட்டுக்கு நேர் மேலே தேடாமல் சரிவில் மேல்நோக்கித் தேடுங்கள். வெயில் நாளில் ஓஸ் பிடித்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. மழைபோல விழ விட வேண்டும். கூரையின் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி, மூன்றடி அகலத்துக்கு ஒரு பத்து நிமிடம், பிறகு அதற்கு மேல் மூன்றடி என்று ஏறுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த ஓடு விட்டது என்று தெரியவே தெரியாது.

ஏற்காட்டுக் கூரைகளில் வழக்கமாக விடும் இடங்கள் நாலைந்துதான். குரங்கு புரட்டிய ஓடு. முகட்டு ஓட்டின் சிமெண்ட் வெடிப்பு. இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் துரு ஏறிய தகரம். சிம்னியோ உயர்ந்த சுவரோ ஓட்டைத் தொடும் இடம். பிறகு சில்வர் ஓக் சருகு. எஸ்டேட்டில் நிழலுக்கு நட்ட அந்த மரம் வருடம் முழுக்க இலை கொட்டும். பள்ளத் தகரத்திலும் ஓரத்து மழைநீர்த் தகரத்திலும் அது மெத்தைபோலப் படிந்தால் நீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியில் ஏறும். பாதி ஒழுகல் இந்தச் சருகை வாரினாலே நிற்கும். மே மாத இடிமழைக்கு முன்னால் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் ஒன்று என மூன்று தடவை வாரினால் போதும். ஓட்டின் மேல் நேராக மிதிக்கக் கூடாது. ஏணியைச் சரிவில் படுக்கப்போட்டு, அடியில் சாக்கு மடித்து வைத்து, ஏணிமேல் ஏறுங்கள்.

உடைந்த ஓட்டை மாற்றும்போது அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரைப் பாருங்கள். ஒரு கம்பெனி ஓட்டின் காடி இன்னொரு கம்பெனி ஓட்டில் சரியாகப் பூட்டாது; பார்வைக்குப் பொருந்தியதுபோல இருந்து மழையில் காட்டிக்கொடுக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் அதே பெயர் ஓடு கிடைத்தால் ஒரு முப்பது நாற்பது வாங்கி அடுக்கி வையுங்கள். சதுர மீட்டருக்கு 14, 15 ஓடு பிடிக்கும். குரங்குத் தொல்லை இருக்கும் பக்கம், ஓட்டின் அடியில் காதுபோல நீட்டியிருக்கும் இடத்தில் துளை இருந்தால் மெல்லிய ஜிஐ கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். எல்லா ஓட்டையும் கட்டத் தேவையில்லை. கூரை ஓரத்து இரண்டு வரிசையும் முகட்டை ஒட்டிய வரிசையும் போதும்.

முகட்டில் வெறும் சிமெண்ட் கலவையைப் பூசினால் அது இறுகி, ஓடு பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது மயிரிழையாக வெடிக்கும். சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற மென்மையான கலவை அங்கே நிலைக்கும். சுவரை ஓடு தொடும் இடத்தில் மேற்பூச்சு எதுவும் இரண்டு வருடம் தாங்காது. சுவரில் ஓட்டுக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் 25 மி.மீ. ஆழக் காடி வெட்டி, அலுமினியத் தகட்டின் மேல் விளிம்பை மடித்து அதற்குள் செருகி, கீழ்ப்பகுதி ஓட்டின்மேல் படியும்படி விட வேண்டும். தகட்டை ஒன்றரை இரண்டு மீட்டர் துண்டுகளாகப் போட்டு ஒன்றன்மேல் ஒன்று 10 சென்டிமீட்டர் ஏற்றுங்கள். நீளத் தகடு வெயிலில் விரிந்து காடியிலிருந்து பிதுங்கி வந்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஒழுகினால் சரிவை அளந்து பாருங்கள். கிடையாக ஒரு மீட்டருக்குக் குறைந்தது அரை மீட்டர் ஏற்றம் வேண்டும். பின்னால் சேர்த்த வராண்டாக்களில் இந்தச் சரிவு பல இடங்களில் இருக்காது. அங்கே ஓட்டைத் திருப்பித் திருப்பிப் போடுவதில் பயனில்லை. அடியில் தகரச் சீட் போட்டு, அதன்மேல் ரீப்பர் அடித்து ஓடு வேய்வதுதான் வழி. ஓட்டின் மேல் தார், வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் பூசுகிறவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள். ஓடு உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் ரீப்பரைத்தான் அழுகவைக்கும்.

ஜன்னலையும் ஒரு பார்வை. மலையில் மழை நேராக விழுவதில்லை, சாய்ந்து அடிக்கிறது. ஜன்னலடிக் கல்லின் வெளி நீட்சியில், அடிப்புறம், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே ஒரு சின்னக் காடி ஓட வேண்டும். அது இல்லையென்றால் நீர் கல்லின் அடியைப் பிடித்துக்கொண்டு சுவருக்கே திரும்பும். பெயின்ட் அடித்து அடித்து அந்தக் காடி தூர்ந்துபோயிருக்கும்; உளியால் சுரண்டினாலே சரி.

பக்கத்தில் குளியலறை இருந்தால் இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியில் நீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுப் படுங்கள். காலையில் இறங்கியிருந்தால் குழாயைத் தேடிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

இனி தரைக்கு அடியில். உண்மையான வேலை இங்கேதான். இந்த வீடுகளில் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை இரண்டடி வெற்றிடம் விட்டு, வெளிச்சுவரில் காற்றுத் துளைகள் வைத்திருப்பார்கள். கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் சுவரோரம் பூச்செடிக்கு மண் போட்டு, நடைபாதைக்குச் சிமெண்ட் ஏற்றி, பாம்பு வருமென்று துளையை அடைத்து, ஒவ்வொன்றாக மூடியிருப்பார்கள். வீட்டைச் சுற்றி நடந்து துளைகளை எண்ணுங்கள். மண் துளையின் அடிவிளிம்பிலிருந்து குறைந்தது அரை அடி கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டி எடுங்கள். வெட்டிய இடத்தில் சுவரிலிருந்து விலகி ஓடும் சரிவு கொடுங்கள். மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் இறக்கம். மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீரைத் தடுக்க, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒன்றரை அடி ஆழ ஓடை வெட்டி, துளைக்குழாய் வைத்து ஜல்லி நிரப்பிப் பள்ளத்துப் பக்கம் விட்டுவிடலாம். மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு ஓடை கூரை வேலை அத்தனையையும்விடப் பயன் தரும்.

எத்தனை துளை வேண்டும்? தரைப் பரப்பில் 150இல் ஒரு பங்கு திறப்பு என்பது பொதுவான கணக்கு. 20 சதுர மீட்டர் கூடத்துக்கு ஏறத்தாழ 1,330 சதுர சென்டிமீட்டர். ஒன்பதுக்கு ஆறு அங்குல ஜாலியில் பாதிதான் உண்மையான திறப்பு, சுமார் 170. ஆகவே எட்டு ஜாலி, எதிரெதிர்ச் சுவர்களில் நான்கு நான்கு. எலியும் பாம்பும் புகாமல் 6 மி.மீ. கண் வலை போடுங்கள். கொசுவலை போட்டால் ஒரே வருடத்தில் தூசி அடைத்துவிடும்.

ஆனால் இங்கே ஏற்காட்டுக்கென்று ஒரு சிக்கல். சமவெளியில் காற்றோட்டம் என்றால் உலர்த்துவது. 1,515 மீட்டர் உயரத்தில், ஜூலையில், வீட்டுக்குள்ளேயே மேகம் நுழையும் நாளில், வெளிக்காற்றே ஈரம். துளையைத் திறந்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும். ஆகவே துளைகளை மட்டும் நம்பக் கூடாது. மண்ணை மூட வேண்டும். அடியில் கிடக்கும் மரச்சிராய், சருகு, பழைய பலகைத் துண்டு எல்லாவற்றையும் வாரி வெளியே எடுங்கள். அவை கரையானுக்கு வைத்த விருந்து. மண்ணைச் சமப்படுத்தி 200 மைக்ரான் கறுப்புப் பாலிதீன் விரியுங்கள். ஒரு தாள்மேல் இன்னொன்று ஓர் அடி ஏறட்டும். சுவரோரம் அரை அடி மேலே மடித்துச் செங்கல் வைத்து நிறுத்துங்கள். மண்ணிலிருந்து ஆவி எழுவது இதோடு ஏறக்குறைய நின்றுவிடும். வெயில் மாதங்களில் துளைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: பாலிதீனை மண்ணில் விரிக்காமல், பலகையைத் தாங்கும் சட்டத்தின் மேல் போட்டு அதன்மீது பலகை அறைவது. அப்போது சட்டம் முழுக்க ஈரக்கிடங்குக்குள் மாட்டிக்கொள்ளும். மேலே சிந்திய தண்ணீரும் தாளின்மேல் தேங்கிப் பலகையின் அடியை ஊறவைக்கும்.

பாய்மரப் படகின் உள்ளறைக்கு மரத்தரை போடுகிறவர்கள் இந்த விஷயத்தில் நமக்கு ஆசான்கள். அவர்கள் தரைக்கு அடியில் நீர் வரவே வராது என்று நினைப்பதில்லை. வரும் என்றே வைத்துக்கொண்டு, பலகையின் ஆறு பக்கமும் வார்னிஷ் ஏற்றி, சில பலகைகளைக் கழற்றி எடுக்கும்படி வைத்து, அடியை எட்டிப் பார்க்க வழி விடுகிறார்கள். மலை வீட்டுக்கும் அதையே செய்யலாம். கூடத்தின் மூலையில் இரண்டடிச் சதுரத்துக்கு ஒரு கதவு, பித்தளை வளையம் வைத்துத் தூக்கும்படி. அதன்பின் ஊகம் வேண்டாம், பார்த்துவிடலாம்.

மண்ணை மூடி, துளைகளைத் திறந்த பிறகு மரத்தைக் காய விடுங்கள். ஆறு பலகைக்கு ஒன்றாகக் கழற்றி, சாக்பீஸால் எண் போட்டு, நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்குங்கள். முதல் பலகையை எடுப்பதுதான் கடினம். பலகைக் கனத்துக்கு ஒரு மி.மீ. குறைவாக அறுவை மெஷினின் ஆழத்தை வைத்து, இணைப்பின் நீளத்துக்கு நாக்கை அறுத்தால் கழன்று வரும். கடப்பாரை போட்டு நெம்பினால் பக்கத்துப் பலகையின் காடி போய்விடும். கழற்றிய இடைவெளி வழியே மேஜைவிசிறியைக் கீழே காற்று போகும்படி வையுங்கள். மூன்று வாரமும் ஆகும், எட்டு வாரமும் ஆகும். கணப்பை மூட்டியோ ஹீட்டர் வைத்தோ அவசரப்படுத்தினால் மேற்பக்கம் வெடிக்கும், அடி அப்படியே இருக்கும். பலகையின் மேலுக்கும் அடிக்கும் ஈர வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வந்த பிறகுதான் வளைவில் எவ்வளவு மிச்சம் என்று தீர்மானிக்க முடியும். நல்ல தேக்கு பெரும்பகுதி தானாகவே படிந்துவிடும்.

அதற்குள் தாங்கு சட்டங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுவருக்குள் செருகிய நுனிதான் முதலில் போகும். திருப்புளி கால் அங்குலத்துக்குமேல் எளிதாக இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. கெட்டதற்கு அப்பால் ஓர் அடி நல்ல மரத்தையும் சேர்த்து அறுத்தெடுத்து, பக்கத்தில் அதே அளவு புதுச் சட்டம் வைத்து, நல்ல பகுதியோடு குறைந்தது இரண்டடி ஏற்றி, மூன்று 12 மி.மீ. போல்ட் மேலும் கீழுமாக மாற்றிப் போட்டு முடுக்குங்கள். சுவருக்குள் போகும் நுனியைச் சுற்றி அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். அடியில் தார்த்தாள் துண்டு ஒன்று. கல்லும் மரமும் நேராகத் தொடக் கூடாது, அவ்வளவுதான். சுவரின் உள்பக்கம் சிமெண்ட் பூச்சு உதிர்ந்து உப்புப் பூத்திருந்தால் அதைச் சுரண்டிச் சுண்ணாம்புப் பூச்சுக்கு மாறுங்கள். மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கற்சுவர் மூச்சுவிட வேண்டும். சிமெண்ட் மூடினால் ஈரம் மேலேறி உங்கள் பலகை நுனியில்தான் வெளிவரும்.

பூச்சிக்கு: 10 லிட்டர் வெந்நீரில் வெண்காரம் 300 கிராம், போரிக் அமிலம் 200 கிராம் கரைத்து, சட்டத்திலும் பலகையின் அடியிலும் தூரிகையால் இரண்டு கை அடியுங்கள். இந்தக் கரைசல் மரத்துக்குள் ஊடுருவ மரத்தில் கொஞ்சம் ஈரம் இருப்பது நல்லது. ஆகவே எலும்பாகக் காயும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் நீர்பட்டால் கழுவிப்போகும். ஒழுகலை நிறுத்தாமல் இதை அடிப்பது வீண். செலவைக் குறைக்கச் சில்வர் ஓக் சட்டம் போடச் சொல்வார்கள். எஸ்டேட்டிலேயே வெட்டிக் கிடைக்கும். கூரைக்கடியில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போடுங்கள். தரைக்கு அடியில் வேண்டாம், சீக்கிரம் உளுத்துவிடும்.

புதுப் பலகை வாங்கும்போதுதான் பலரும் ஏமாறுவது. கடைக்காரர் ஏமாற்றுவதல்ல, மலை ஏமாற்றுகிறது. சேலத்து மரக்கடையில் ஏப்ரலில் கிடக்கும் தேக்கு அங்கத்திய காற்றுக்குக் காய்ந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 45 சதவீதம் என்றால் மரம் 8, 9 சதவீதத்துக்கு வந்து நிற்கும். அதே பலகை 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, காற்று 85 சதவீதமாகும் மழைக்காலத்தைச் சந்தித்தால் 17, 18க்குப் போகும். தட்டையாக அறுத்த தேக்கு, ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அகலத்தில் ஏறத்தாழ 0.19 சதவீதம் விரியும். 9 சதவீத ஏற்றத்துக்கு 100 மி.மீ. பலகை 1.7 மி.மீ. விரிகிறது. நான்கு மீட்டர் கூடத்தில் நாற்பது பலகை; மொத்தம் 68 மி.மீ. வந்த அன்றே இறுக்கி அறைந்தால், ஆகஸ்டில் தரை கூடாரம்போல எழும்புவதில் அதிசயம் என்ன?

ஆகவே பலகையை மேலே கொண்டுவந்து, அதே கூடத்தில், இடைக்கட்டை வைத்து மூன்று வாரமாவது அடுக்கி வையுங்கள். அது 12, 13க்கு வந்து நிற்கும். பிறகு மழைக்கால விரிவு ஏறத்தாழ 36 மி.மீ.க்குக் குறைகிறது, பலகைக்கு 0.9 மி.மீ. இதற்கு ஒவ்வொரு இணைப்பிலும் ஓர் ஏடிஎம் கார்டு செருகி அறையுங்கள். கார்டின் கனம் 0.76 மி.மீ. சுவரோரம் சுற்றிலும் 12 மி.மீ. விட்டு ஸ்கர்ட்டிங் பட்டியால் மறையுங்கள். பட்டியைச் சுவரில் அறையுங்கள், தரையில் அல்ல. கோடையில் இணைப்புகள் கொஞ்சம் வாய் திறந்திருக்கும். அது குறை இல்லை. கண்ணை உறுத்துகிறதென்று புட்டி அடைத்தால் மழையில் பலகை நெருக்க இடமின்றித் தூக்கும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஆரப்போக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், அறுத்த பலகை கேளுங்கள். அதன் விரிவு இதில் பாதிதான்.

அறைவதற்கு இரும்பாணி வேண்டாம்; துருவும் கறுப்புக் கறையும்தான் மிச்சம். ஓர் அங்குலப் பலகைக்கு 8ஆம் எண், இரண்டரை அங்குல, 304 தரத் துருப்பிடிக்காத ஸ்க்ரூ. முதலில் 3 மி.மீ. துளை. சட்டத்துக்கு இரண்டு, ஓரத்திலிருந்து 20, 25 மி.மீ. உள்ளே. பழைய பலகைகளில் ஏற்கெனவே இருக்கும் ஆணிக்கறைக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவி, அரை மணி விட்டு, இரண்டு மூன்று முறை நல்ல நீரால் துடைத்தெடுங்கள். கையுறை கட்டாயம். காய்ந்த பொடியைத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசி மூக்கையும் தொண்டையையும் அரிக்கும்.

பாலிஷ். பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு பளபளக்கும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இப்படி விரிந்து சுருங்கும் தரையில் இணைப்புக்கு இணைப்பு அந்தப் படலம் கிழியும். கிழிசல் வழியே புகுந்த ஈரம் வெளியேறாமல் வெள்ளையாகப் பூக்கும். அதைச் சரிசெய்ய முழுத் தரையையும் தேய்க்க வேண்டும். மலை வீட்டுக்கு எண்ணெய்ப் பூச்சே ஏற்றது. டங் ஆயில் கிடைத்தால் அது. இல்லையென்றால் டபுள் பாயில்டு லின்சீட். காய்ச்சாத பச்சை ஆளி எண்ணெயில் மலை ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். முதல் கை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு, அடுத்த இரண்டு கை எண்ணெய் மட்டும். ஒவ்வொரு கையும் பூசி 20 நிமிடத்தில் மேலே நிற்பதைத் துணியால் துடைத்தே ஆக வேண்டும். துடைக்காத எண்ணெய் பிசுபிசுப்பாகவே கிடந்து செம்மண்ணைப் பிடிக்கும். கைக்குக் கை ஒரு நாள். மூடுபனி என்றால் மூன்று நாள். கழற்றிய பலகைகளுக்கு அடிப்பக்கத்திலும் அறுத்த நுனிகளிலும் ஒரு கை. 20 சதுர மீட்டருக்கு நான்கு லிட்டர் அளவில் ஆகும். பி.யு.தான் வேண்டுமென்று வீட்டில் பிடிவாதம் என்றால், தேக்கின் எண்ணெய்ப்பசையைத் தின்னரால் துடைத்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் கையை அடியுங்கள். தாமதித்தால் பசை மறுபடி மேலே வந்து பூச்சு காயாது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும். குவியலில் அந்தச் சூடு வெளியேறாமல் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள்.

காலம்: ஜனவரி முதல் மார்ச் பாதி வரை. அதற்குமேல் காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் கோடை மழை குறுக்கிடும். பிப்ரவரி வரை ஆட்கள் காப்பிப் பழம் பறிக்கப் போயிருப்பார்கள் என்பதால் ஆசாரியை நவம்பரிலேயே சொல்லி வைப்பது நல்லது. இப்போது மழையில் இருக்கிறீர்கள் என்றால் கூரைக்குத் தார்ப்பாய், சருகு வாருதல், சுவரோர ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிக் காற்று விடுதல், அமுங்கும் இரண்டு பலகையை எடுத்துவிடுதல், மண்மேல் பாலிதீன் விரித்தல் இவை போதும்.

டைல்ஸ் பற்றி: பலகையைப் பெயர்த்து மண் கொட்டி நிரப்பிக் கான்கிரீட் போட்டால், அடியில் தங்க இடமில்லாத ஈரம் சுவரில் ஏறும். இன்று இரண்டு பலகையில் இருக்கும் நோய் கதவு நிலைகளுக்குப் போகும்.

முன்பு எடுத்து வைத்த துண்டுக்கு வருவோம். முழுக்கக் காய்ந்தபோது இருந்த எடையை, நம் உதாரணத்தில் 52 கிராம் என்று, அதன்மேலேயே எழுதி, மூலைக் கதவுக்குக் கீழே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு மாதம் கழிந்ததும் அது தரைக்கடிக் காற்றின் ஈரத்துக்கு வந்துவிடும். ஜூலையில், செப்டம்பரில், நவம்பரில் எடுத்து எடை பாருங்கள். 61 கிராமுக்குள் இருந்தால் 17 சதவீதம், கவலையில்லை. 62.4ஐத் தொட்டால் 20 ஆகிவிட்டது. அன்றைக்கே கீழே இறங்கி, பாலிதீன் எங்கே விலகியிருக்கிறது, எந்த ஜாலி அடைத்திருக்கிறது என்று பாருங்கள்.